புதன்கிழமை முதல் பீரியட்

என் ஸ்டெல்லாவுக்கு,

உனக்கு எழுத உட்கார்ந்தால்கூட ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கிறது. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நான் இன்னும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். கோர்ட்டில் நிற்கும்போது நாளைய பாடம் நினைவுக்கு வருகிறது, வகுப்பில் நிற்கும்போது கேஸ் கட்டு நினைவுக்கு வருகிறது. எதிலும் முழுசாக இல்லையோ என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

நீ இருந்தவரை புதன்கிழமை ஒரு பிரச்சினையே இல்லை. விழுப்புரத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் எடுத்துவிட்டு பஸ் பிடிப்பேன். அதற்குள் திண்டிவனம் கோர்ட்டில் என் வழக்கை அழைத்தால், கூட வக்கீலாக இருந்த நீ எழுந்து "பாஸ் ஓவர்" கேட்டுவிடுவாய். மற்ற வழக்குகளைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பேன். "நிம்மதியா பாடம் எடு அக்கா, இங்க நான் பாத்துக்கினு இருக்கேன்" என்பாய். பகுதிநேர ஆசிரியை என்று பேர் எனக்கு, அதில் பாதி வேலை உன்னுடையது.

போன மாதம் என்ன நடந்தது தெரியுமா? கிளியனூர் அஞ்சலையை மறந்திருக்க மாட்டாய், ஜீவனாம்ச வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா டிமிக்கி கொடுத்த அவள் புருஷன் அந்தப் புதன்கிழமை வந்துவிட்டான். நான் அவனைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய நாள். பாஸ் ஓவர் கேட்கச் சொல்லிவைத்திருந்த வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை வந்துவிட்டது. எனக்கோ விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நகரவே இல்லை.

வழக்கைக் கூப்பிட்டதும் அஞ்சலையே எழுந்திருக்கிறாள். எங்கள் வக்கீலம்மா காலேஜில் பாடம் நடத்தப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நீதிபதியிடம் சொல்லியிருக்கிறாள். கோர்ட்டே சிரித்ததாம். நீதிபதி இரண்டாவது முறையும் அழைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கிளம்பிவிட்டிருந்தான்.

அஞ்சலை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அவன் மறுபடி வருவானா வக்கீலம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று நான் நடத்திய பாடம் எது தெரியுமா? கட்சிக்காரருக்கு வக்கீல் செய்யவேண்டிய கடமைகள். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அடுத்த வகுப்பில் பேர் சொல்லாமல் இதையே கேள்வியாகக் கொடுத்தேன். பிள்ளைகள் விதிகளை அடுக்கினார்கள். கோலியனூர்ப் பெண் ஒருத்தி மட்டும், "அந்த நேரத்துல அந்த வக்கீல் எங்க இருந்தாங்க மேடம்?" என்றாள்.

"இங்கதான். உங்க முன்னாடி" என்றேன்.

பாடம் நடத்துவதை விட மனசில்லை. அப்படி ஒருத்தி எழுந்து கேட்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குக் கோர்ட்டில் கிடைப்பதில்லை. ஆனால் என் சந்தோஷத்துக்காக அஞ்சலை ஏன் தனியாக நிற்கவேண்டும்? வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தாருங்கள், முடியாவிட்டால் வேறு ஆள் பாருங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார். இருப்புக்கொள்ளாமல் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், இன்னும் பதில் இல்லை.

நாளை புதன்கிழமை, அஞ்சலையின் வாய்தா. வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டேன். கோர்ட் திறக்கும் முன்பே அவள் பக்கத்தில் இருப்பேன். அவன் வருவானா, தெரியாது. வழக்கை அழைக்கும்போது எழுந்து நிற்பது நானாக இருக்கும், ஸ்டெல்லா. இனி எப்போதும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தமிழரசி