தொந்தரவு என்ற கட்டத்தில்

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி பொய் ஆகிவிடும். உன் அக்கா சரியாக இல்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்! அதைத் தூக்கிப் பிடித்து, "இது யார் தச்சது?" என்று என்னையே கேட்கிறாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். பஞ்சில் கால் வைப்பதுபோல இருக்கிறதாம். அடுப்பை இரண்டு தடவை அணைக்காமல் விட்டுவிட்டாள்.

எழுபத்திரண்டு வயது, வேறென்ன சொல்ல? முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுத்தமான இடம். இத்துடன் உள்ள படிவத்தில் பிறந்த வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன், அங்கே போடு. அவளிடம் சொல்லவில்லை; சொன்னாலும் மனதில் நிற்காது. எனக்கு மனசு ஆறவில்லைதான், ஆனால் எனக்கும் தள்ளவில்லை.

உன் அத்தான்


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தான்,

கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

என் மெக்கானிக் பட்டறைக்கு வரும் வண்டியின் ஆயிலைக்கூடப் பார்க்காமல், "வண்டி பழசு, ஓரமா நிறுத்துங்க" என்று நான் சொன்னால் நீங்களே என்னை உதைப்பீர்கள். அக்காவுக்கு ஒரு சொட்டு ரத்தமாவது எடுத்துப் பார்த்தீர்களா? என்னிடம் காரை சர்வீஸுக்கு விடும் டாக்டரம்மா ஒருவர் சொன்னார்: வயதானவர்களுக்கு ஒரு நோய் இன்னொன்றின் வேஷத்தில் வருமாம். தைராய்டு, சர்க்கரை ஏறி இறங்குவது, சத்துக் குறைவு எல்லாமே மறதி மாதிரி நடிக்குமாம். முதலில் டாக்டர், பிறகு லேப். அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத மச்சான்


மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உன் நச்சரிப்பு தாங்காமல்தான் போனேன். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். லேப்பில் ஒரு படிவம்: பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள், தொந்தரவு. முப்பது வருடம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். ஒரு கட்டத்தைக் காலியாக விட எனக்குக் கை வராது. தொந்தரவு என்ற கட்டத்தில் 'வயசு' என்று எழுதினேன்.

ரத்தம் எடுக்கும் பெண் அதைப் படித்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி. "சார், இது தொந்தரவு இல்ல, பிறந்த தேதி. அதான் மேலேயே எழுதிட்டீங்களே" என்று ஒரு கோடு இழுத்து அடித்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றாள். உன் அக்கா பத்து நிமிடம் பேசினாள்! நாக்கு எரிகிறது என்றாள். எனக்கே அது தெரியாது.

மெஷினில் வந்த எண்கள் ஏறக்குறைய சரி. ரத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இந்த வயதில் சகஜம் என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் சிவப்பணுவின் பருமன் மட்டும் அந்த லேப் பெண்ணுக்கு உறுத்தியிருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள். அணுக்கள் உப்பிக் கிடந்தனவாம். லேப் டாக்டரிடம் காட்ட, அவர் நம் டாக்டருக்கு போன் போட, அதே ரத்தத்தில் பி12 சத்தைப் பார்த்தார்கள். அடிமட்டத்தில் இருந்தது. வருடக்கணக்காக விழுங்கிய சர்க்கரை மாத்திரையும் நெஞ்செரிச்சல் மாத்திரையும் சேர்ந்து அந்தச் சத்தை உடம்பில் ஒட்டவிடாமல் செய்திருக்கின்றன. ஊசி ஆரம்பித்தாயிற்று.

நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்த நான் பார்க்காததை ஒரு சொட்டில் பார்த்துவிட்டாளே, என்ன கண்ணடா அது! கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாகவும் இருந்தது. இல்லத்துப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அக்காவிடம் அந்தப் பேச்சை எடுக்காதே.

உன் அத்தான்


ஜூன் 20

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தலை தெளிந்துவிட்டது. பாதத்தில் மரப்பு மட்டும் பாக்கி. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டதால் அது முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். போன வாரம் லேப்பில் அந்தப் பெண் என் பழைய தகட்டையும் புதியதையும் காட்டினாள். ரத்தத்தில் இவ்வளவு அழகா என்று கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை. அத்தான் இடையில் தலையை நீட்டினார். "வரிசைல வாங்க சார்" என்றாள்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ திருப்பி அனுப்பிய கவரை முதலில் பிரித்தது நான்தான். படித்துவிட்டு ஒட்டி வைத்தேன். எது மறந்தாலும் அது மறக்கவில்லை. நான் இனி எந்த வீட்டில் தூங்குவேன் என்பதை இந்த ரத்தம்தான் சொல்லப்போகிறது என்று தெரிந்தேதான் அன்றைக்கு லேப்பில் கையை நீட்டினேன்.

நேற்று அவரிடம் இதைச் சொன்னேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பாவம், பயந்துபோய்ச் செய்தார். மன்னித்துவிட்டேன். நீ கையெழுத்துப் போடாததற்கு உன்னை நான் எப்படிக் கொண்டாடுவேன் என்று தெரியவில்லை.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. என்னைப் பற்றி இத்தனை பக்கம் எழுதினீர்களே, எனக்கு என்ன பண்ணுகிறது என்று என்னைக் கேட்டு நீ ஒரு வரி எழுதினாயா? அதைக் கேட்க ஒரு லேப் பெண் வேண்டியிருந்தது. இதற்குப் பதில் போடும்போது கவரின் மேல் என் பெயரை எழுது.

அக்கா