எதிரணிக்குப் போன மிகேல்

என் அன்புக்கும் வம்புக்கும் உரிய அத்தானுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மிகேலைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த இடக்கைப் பந்துவீச்சாளனை, சீசன் நடுவில், அதுவும் நம் பரம எதிரி அணிக்கு! பதிலுக்கு வாங்கிய இரண்டு பேரை அவர்களுடைய ஊரில்கூட யாருக்கும் தெரியாது. பேஸ்போலில் இதை ட்ரேட் என்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் டொரொண்டோ வீட்டுக்குக் கூரை மிஞ்சியிருக்காது.

சித்திரை, வைகாசியில் நம் அணி நன்றாகத்தான் ஆடியது. ஆனி பிறந்ததும் வழக்கம்போலத் தோற்கத் தொடங்கிவிட்டது. இங்கே விம்பிள்டனில் ட்ராமுக்குள் இருந்து முந்தின நாள் ஆட்டத்தைப் போனில் பார்த்துப் பல்லைக் கடிக்கும் தமிழ்ப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் உங்களால் வந்தது. அக்காவின் ஒபரேஷனுக்காக நான் அங்கே வந்து நின்றபோது, "அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறதும் ஒரு விளையாட்டோ, அத்தான்?" என்று கேட்டேன். "ஒரு கிழமை பார், பிறகு கதை" என்றீர்கள். அந்த ஒரு கிழமை இன்னும் முடியவில்லை.

மிகேலுக்கு அர்ச்சனை செய்யச் சொன்னது நினைவிருக்கிறதா? "இஞ்சத்தைப் பிள்ளையாருக்கு உன்ர அக்கா குடுக்கிற கரைச்சலே காணும். நீ விம்பிள்டன் பிள்ளையாரைப் பிடி" என்றீர்கள். டொமினிக்கன் நாட்டில் பிறந்தவனுக்குப் பஞ்சாங்கம் பார்த்து, சுவாதி நட்சத்திரம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தான். பெயரைக் கேட்ட ஐயர், "மிகேலோ? மருமகனோ, பிள்ளை?" என்றார். எனக்கு இருப்பது இரண்டு ஆண்பிள்ளைகள். என்ன சொல்வது என்று தெரியாமல் "ஓம் ஐயா" என்றுவிட்டேன்.

போன வெள்ளி ஐயர் என் மருமகனைச் சுகம் விசாரித்தார். "வேற இடத்துக்கு மாறிப் போட்டார் ஐயா" என்றேன். "எங்க போனாலும் நல்லா இருக்கட்டும்" என்று அவனுக்கும் சேர்த்துத் திருநீறு தந்தார். எதிரணிக்காரனுக்கான திருநீற்றையும் நானே பூசிக்கொண்டு வந்தேன்.

ஆனால் அத்தான், நான் எழுத வந்தது அக்காவைப் பற்றி. நீங்கள் போன பிறகு அவள் ரீவியைப் போடவே இல்லை. செத்தவீட்டில்கூட அவள் அழவில்லை, தெரியுமா? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் எடுத்து ஆட்டத்தின் கதையைச் சொல்வேன். "ம்" என்பாள். சாப்பிட்டாயா என்றாலும் அதே "ம்"தான். அவளும் உங்கள் பின்னாலேயே போய்விடுவாளோ என்று நான் பயந்துபோனேன்.

மிகேலின் செய்தியையும் அப்படித்தான் சொன்னேன். இந்த முறை "ம்" வரவில்லை. வெடித்தாளே ஒரு வெடி!

"ஆரைக் கேட்டுக் குடுத்தவங்கள்? அந்த மனுசன் அவனுக்கெண்டு வெள்ளிக்கிழமையில விரதம் இருந்தவர். உவங்களுக்குக் கண் இல்லையோ? என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னவங்களோ?"

அணி முதலாளியில் தொடங்கி உங்கள் டொக்டர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. கடைசியில் கடவுளையும் திட்டினாள். பிறகு அழுதாள். ஐயோ அத்தான், அப்படி ஒரு அழுகை. நானும் இங்கே குசினியில் அடுப்படி நிலத்தில் குந்தி அவளோடு சேர்ந்து அழுதேன்.

போன ஞாயிறு மிகேல் நமக்கு எதிராகப் பந்துவீச வந்தான். அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். அக்கா தானாகவே எனக்குப் போன் எடுத்து, "ரீவியைப் போட்டிட்டன், நீயும் போடு" என்றாள். யாருக்குக் கைதட்டுவது என்று கேட்டேன்.

"உதென்ன கேள்வி? எந்தச் சட்டை போட்டாலும் அவன் எங்கட பெடியன்."

அவன் நம் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக அவுட் ஆக்கி அனுப்பினான். அக்கா ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள். நம் சீசன் அன்றோடு முடிந்துபோயிற்று. எனக்குத் துளிக் கவலையும் இல்லை. இப்படி ஒரு துரோகியாகிவிட்டேனே என்று நீங்கள் கோபிப்பீர்களா?

ஆட்டம் முடிந்தும் அவள் போனை வைக்கவில்லை. "அவர் இல்லாமல் ஒண்டை முழுசாப் பாத்து முடிச்சிட்டன், தங்கச்சி" என்றாள். "இனிச் சாப்பிடப் போறன்."

சித்திரையில் அடுத்த சீசன் தொடங்கும்போது நான் டொரொண்டோவில் நிற்பேன். லீவும் கேட்டுவிட்டேன். நம் அணி வென்றால் அக்காவோடு சேர்ந்து கத்துவேன், தோற்றால் சேர்ந்து திட்டுவேன். அவளைத் தனியே "ம்" சொல்ல விடமாட்டேன், அத்தான்.

உங்கள் வாய்க்காரி மச்சாள்,
தர்சினி