மினுங்குகிற பக்கத்தில் மஞ்சள்

ஏங்க,

காலையில் ஒரு சிடியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் அஞ்சலை கொண்டுவந்தது. நீங்கள் வீடியோ எடுத்த கல்யாணப் பொண்ணு. இப்போது அவள் மகளே தோளுக்கு வளர்ந்துவிட்டாளாம். "இன்னாக்கா செய்றது, போட்டா ஓட மாட்டேங்குது. எங்கப்பா இதுல மட்டுந்தான் இருக்காரு" என்று ஒரு பை சாமையோடு வாசலில் நின்றாள்.

திருப்பிப் பார்த்தால் அதே கதை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவுகிற மாதிரி கல்யாண சிடிக்கும் தடவித்தான் கொடுப்பேன் என்று ஆரம்பித்து வைத்தது நீங்கள். பேர் எழுதிய பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பீர்கள். அதைப் பார்த்த ஜனம், நல்ல நாளில் சாமி படத்தோடு வைத்து, மினுங்குகிற பக்கத்தில் குழைத்துப் பூசிவிடும். மினுங்குவதுதானே அவர்களுக்கு முகம்! எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "வுடு, ஆசையா தடவறாங்க" என்பீர்கள். துடைக்கிறவள் நானல்லவா!

நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் ஊருக்கும் அலைவீர்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிடி ரைட் பண்ணுவது என் வேலை. அது ஓடும்போது மிக்ஸி போடக் கூடாது, கரண்ட் இறங்கினால் சிடி வீண். எத்தனை நாள் சட்னி இல்லாமல் பொடியோடு இட்லி தின்றோம்! ரைட் பண்ணும் முன்னால் உங்கள் குரலை வெட்டுவேன். "மாப்ள, தலைய தூக்குங்க" என்று நீங்கள் கத்துவது யாருக்கு வேண்டும்? அந்த இடத்தில் நாதஸ்வரத்தைப் போடுவேன். சிடி கைமாறியதும், இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரிலும் அழித்துவிடுவேன்.

நீங்கள் போன பிறகு வீடு முழுக்கத் தேடினேன். கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷன், முகம் எதிலும் இல்லை. குரலும் இல்லை. நானே பொறுக்கிப் பொறுக்கி வெட்டியிருக்கிறேன், பாவி.

அஞ்சலை வீட்டு சிடி மட்டும் வேறு. "வெட்டாம அப்பிடியே குடுங்க, எங்க சனம் பேசறதெல்லாம் வேணும்" என்று அவள் அப்பா கேட்டிருந்தார். அவள் வாசலில் நிற்கும்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது. சிடியோடு உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, உங்கள் பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்பீர்களே. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே ஒரு யுகம் ஆனது. டிரைவ் திறக்கவில்லை, அதன் முன்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு இழுத்தேன். இரண்டு தடவை ஒன்றும் வரவில்லை. எனக்கு முட்டி வலி, அவளுக்கு பஸ் கவலை. மூன்றாவது தடவை படம் வந்தது.

"அப்பா!" என்று அவள் திரையைத் தொட்டுத் தொட்டு அழுதாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும், கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு, சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் போனில் என்னிடம் கத்துகிறீர்கள்: "கீழ எறங்க நேரமாவும். நீ சாப்புடு. எனக்காவ காத்துக்கினு இருக்காத."

அன்றைக்குச் சாப்பிட்டேன் என்று சொன்னது பொய். என்றைக்குத்தான் நீங்கள் வராமல் சாப்பிட்டேன்? நீங்கள் போயும் அந்தப் பழக்கம் விடவில்லை. மத்தியானச் சோற்றை மூன்று மணி தாண்டித்தான் தொடுகிறேன்.

அஞ்சலைக்குப் புது சிடி ரைட் பண்ணி, பேர் எழுதிய பக்கத்தில் பொட்டு வைத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, நீங்கள் பேசுகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம் அவள் கொடுத்த சாமையைக் களைந்து உலை வைத்தேன்.

இன்றைக்கு ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டேங்க.