இரத்மலானையிலிருந்து ஒரு மணித்தியாலம்

ஆகஸ்ட் 20, செவ்வாய். வெள்ளவத்தை.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மாமாவுக்குக் கடுமை என்றதும், காலையில் அம்மாவை இரத்மலானையில் விமானம் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்தான். பறக்கப் பயந்தவர், தம்பிக்காக ஏறினார்.

விமானம் கிளம்பி இருபது நிமிடம் இருக்கும். வீடு திரும்பும் பஸ்ஸில் நின்றபோது மாமி அழைத்தார்.

"மாமா போயிட்டார் பிள்ளை. அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. வந்தாப்பிறகு நாங்கள் சொல்லுறம்."

பலாலியில் இறங்கியதும் அம்மா அழைத்தார்.

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்திட்டன் பிள்ளை. இவ்வளவு கிட்டவெண்டு தெரிஞ்சிருந்தா நேற்றே வந்திருப்பன். மாமாவைப் பாத்திட்டு எடுக்கிறன்."

"ஓம் அம்மா" என்றேன்.

இரவு மணி பத்தாகிறது. அம்மா இன்னும் அழைக்கவில்லை. எனக்கும் அழைக்கத் துணிவு வரவில்லை.