கூப்பிட்டால் வரும் ஹெலி

என் அப்பாவுக்கு,

கடிதம் என்று எடுத்தாலே "நான் நல்ல சுகம், உங்கள் சுகம் எப்படி" என்று கை தானாக எழுதப் போகிறது. உங்களிடம் அதைக் கேட்க முடியாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. நாளைக்கு உங்கள் திவசம். அம்மா கீழே குசினியில் மரக்கறிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறா. உதவிக்கு வராமல் மேலே இருந்து உங்களோடு கதை அளக்கிறேன் என்று தெரிந்தால் அகப்பையோடு படியேறி வருவா.

உங்களுக்குச் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது முழுதாக விளங்காது. அப்பா, நான் ஒரு ஹெலியைக் கூப்பிட்டேன். அது வந்தது.

ஒஸ்லோவில், ரொம்சோஸ் வீட்டில், நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முந்தின கோடையில், ஆரபி ஒரு செம்மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தாள், ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். மேலே கட்டையாக ஒரு கொம்பு. உங்கள் பேத்தி தன் முதல் சம்பளத்தில் எங்களுக்கு வாங்கிய பரிசு அது. மற்றப் பிள்ளைகள் தாய்க்குச் சேலை வாங்குவார்கள், எனக்கு இது வாய்த்தது என்று நான் முறையிட்டேன்.

"அம்மாவும் அப்பாவும் தூர் போற மலையிலை டெக்னிங் இல்லை, அம்மப்பா. அங்கை போன் வேலை செய்யாது. இது நேரே செய்மதியோடை கதைக்கும்" என்றாள் அவள். மலைநடைக்கும் போன் சிக்னலுக்கும் அவளுக்கு நோர்வேஜியச் சொல்தான் வாயில் வரும், உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இந்த மூடிக்குக் கீழை என்ன?"

"அது ஆபத்துக்கு. திறந்து அமத்திப் பிடிச்சா ஹெலிகொப்டர் வரும்."

சூட்டுச் சட்டியை வைப்பதுபோல நீங்கள் அதை மேசையில் வைத்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "ஹெலியைக் கூப்பிட ஒரு பொத்தானோ! எங்களுக்கு உது கூப்பிடாமலே வந்தது, பிள்ளை." உங்கள் மருமகன் இவரும் உங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆரபிக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கு முழுதும் விளங்கியது, அதனால் சிரிப்பு வரவில்லை.

ஊரில், குண்டு போட வருகிற ஹெலியின் சத்தம் தூரத்தில் கேட்டவுடன் நீங்கள் செய்கிற முதல் வேலை, கொடியில் காயும் அம்மாவின் சிவப்புச் சேலையை உருவி எடுப்பது. நிறம் மேலே தெரியுமாம். பிறகு என்னையும் தம்பியையும் வேலியோரம் குப்புறக் கிடத்தி, எங்களுக்கு மேல் நீங்கள் கவிழ்ந்துகொள்வீர்கள். "படு, படு. அசையாதை." உங்கள் கை என் முதுகில் அழுத்தியபடி இருக்கும். மண் வாசமும் உங்கள் வியர்வை வாசமும் கலந்து வரும். சத்தம் போன பிறகும் அந்தக் கை உடனே எடுபடாது.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் ஆஸ்பத்திரி ஹெலி போனால் நீங்கள் யன்னலை விட்டு விலகி நின்றுவிட்டு, அசடு வழியத் திரும்பி வருவீர்கள். "அது நோயாளியை ஏத்துற ஹெலி, அப்பா" என்பேன். "எனக்குத் தெரியும். என்ரை முதுகுக்குத் தெரியாது" என்பீர்கள். நான் எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! என் முதுகு எப்போதோ நோர்வே முதுகாகிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நினைப்பு.

போன புரட்டாதியில் நானும் இவரும் ரொண்டானே மலைக்குப் போனோம். கூடாரம், கூழ் காய்ச்சச் சின்ன அடுப்பு, பெட்டி என் தோள்பட்டியில். காலையும் மாலையும் ஆரபிக்கு "நலம்" என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும், அது அவள் போட்ட சட்டம். போய்ச் சேர்ந்த உடனே ஒருக்கா போன் அடி என்று எங்களைப் படாதபாடு படுத்துவீர்களே, அந்தக் குணம் பேத்தியிடம் அப்படியே இறங்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் போகிற போக்கை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்புத்தான். ஆளில்லாத மேட்டில் நின்று நான் அமத்துகிற ஒரு சொல் கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய், அங்கிருந்து என் பிள்ளையின் மேசையில் இறங்குகிறது.

மூன்றாம் நாள் மழைத்தூறல். ஒரு பக்கம் முழுவதும் கல், பாசி பிடித்த வழுக்குக் கல். இவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கால் இரண்டு கல்லுக்கு இடையில் போனது, உடம்பு மறுபக்கம் சரிந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"சும்மா சுளுக்கு" என்றார். உங்கள் மருமகனைத் தெரியும்தானே, தலை கழன்று விழுந்தாலும் கழுத்துப் பிடிப்பு என்பார். தொடை திரும்பியிருந்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நடக்க முடியாது, தூக்க முடியாது, பக்கத்தில் சனமில்லை. முகில் இறங்கிக்கொண்டு வந்தது. குளிருக்குப் போர்த்துகிற சிவப்புப் பைக்குள் அவரை நுழைத்து, பெட்டியைக் கையில் எடுத்தேன்.

எடுத்துவிட்டு யோசித்தேன், அப்பா. ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது என்று வளர்த்த பிள்ளை அல்லவா? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா என்றிருந்தது. அதற்குள் இவருடைய உதடு நீலம் பாய்ந்து, பேச்சு குழறத் தொடங்கியது. மூடியைத் திறந்து அமத்திப் பிடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது, அவ்வளவுதான். விளையாட்டுச் சாமானைப் பிடித்துக்கொண்டு மலையில் குந்தியிருக்கிற விசரி போல இருந்தேன். பிறகு பெட்டி கைக்குள் அதிர்ந்தது. திரையில் எழுத்து வந்தது. "உங்கள் அழைப்பு கிடைத்தது. யாருக்கு, என்ன நடந்தது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடில்லை, வீதியில்லை, மனிதக் குரல் எட்டாத கல்லுக்காடு. அங்கே வானத்திலிருந்து யாரோ என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேர் எத்தனை தரம் அதே வானத்தைப் பார்த்துக் கத்தியிருப்போம்? அப்போது யாருக்குக் கேட்டது?

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினேன். நித்திரை கொள்ள விடாதீர்கள் என்றார்கள். முகில் பதிந்திருக்கிறது, இடைவெளி கிடைக்கும்போது ஹெலி வரும், நீண்ட நேரம் நிற்க முடியாது என்றார்கள். சத்தம் கேட்டதும் எழும்பி நின்று இரண்டு கைகளையும் உயர்த்துங்கள் என்றார்கள். சரி என்று அனுப்பினேன். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

அப்பா, நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடாரத்துக்குக் கீழே விரிக்கிற சாம்பல் நிறத் துணியை இழுத்து, அந்தச் சிவப்புப் பையை மூடினேன். அதற்கு மேல் நான் கவிழ்ந்தேன். "அசையாதையுங்கோ" என்று இவரின் காதுக்குள் சொன்னேன். சொன்னது என் வாய், குரல் உங்களுடையது. நானே கூப்பிட்ட ஹெலிக்கு, நானே ஆளை ஒளித்தேன்.

அது எங்களுக்கு மேலே சுற்றியது. பெட்டி இடத்தைச் சொல்லிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் அவர்களுக்குத் தெரிந்தது கல்லும் சாம்பலும்தான். சத்தம் விலகிப் போனது. திரும்பி வந்தது. முகில் எங்கள் பக்கம் மூடிக்கொண்டு வருவது துணியின் ஓரத்தால் தெரிந்தது. இனிப் போனால் எப்போது வருமோ, அதுவரை இவர் தாங்குவாரோ? இது எல்லாம் என் தலைக்குத் தெரியும். முதுகு மட்டும் அசைய மறுத்தது.

இவர்தான் கண்ணைத் திறந்தார். "இஞ்சரும், என்ன செய்யிறீர்?"

"ஹெலி" என்றேன். பல்லுக் கிட்டியது.

"ஓம். இது கூப்பிடாமல் வந்த ஹெலி இல்லை. நீர் கூப்பிட்டனீர்." மூச்சு வாங்கினார். "மாமா சொன்னது வேறை ஹெலி. எழும்பும்."

என் முதுகில் உங்கள் கை இருந்தது. எத்தனையோ தரம் என் உயிரைக் காத்த கை அது. அதை விலக்கிக்கொண்டு எழும்பியதுதான் என் வாழ்நாளிலேயே நான் பட்ட பெரிய பாடு. முழங்காலில் நின்றேன். பிறகு காலில் நின்றேன். இரண்டு கைகளையும் உயர்த்தினேன். கை உயர்த்தவும் ஊரில் ஆமிக்காரர் எங்களைப் பழக்கியிருந்தார்கள்தான், ஆனால் அது நீட்டிய துவக்குக்கு முன்னால்.

ஹெலி திரும்பி எங்களை நோக்கி வந்தது. நான் ஓடவில்லை. அதன் காற்று அடித்த அடியில் சாம்பல் துணி பறந்து எங்கோ போனது. நடுவில் இவர் சிவப்பாகக் கிடந்தார். கம்பியில் ஒரு மனிதன் இறங்கி வந்தான், அப்பா. அந்த வயிற்றுக்குள்ளிருந்து குண்டு இறங்குவதைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். இப்போது ஒரு ஆள் இறங்கி, என் தோளில் கை வைத்து, "நீங்கள் கூப்பிட்டது நல்லது" என்று நோர்வேஜியத்தில் சொன்னான். நான் நடுங்கியது குளிரால் என்று நினைத்து எனக்கொரு போர்வை போர்த்தினான். நான் திருத்தவில்லை.

என்னையும் ஏற்றினார்கள். மேலே போகும்போது யன்னலால் கீழே பார்த்தேன். விட்டுவிட்டு வந்த எங்கள் முதுகுப் பைகள் கல்லுக்கு நடுவில் தெரிந்தன. இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வேலியோரம் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது மேலே இருந்தவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? அல்லது கண்டுவிட்டு, விட்டுவிட்டுப் போனானா? உங்களுக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டுதான் எங்களுக்கு மேலே படுத்தீர்களா, அப்பா?

இவர் இப்போது ஊன்றுகோலோடு ஸ்ட்ரோம்மன் கடைகளுக்கெல்லாம் போய் வருகிறார். வருகிற கோடைக்கு வரைபடமும் விரித்துவிட்டார். இந்த மனிதருக்குப் புத்தி வராது. ஆரபி பெட்டியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, வாசலில் கொழுவி வைத்திருக்கிறாள்.

இன்று காலையும் எங்கள் லோறென்ஸ்கூக் வீட்டுக்கு மேலால் ஆஸ்பத்திரி ஹெலி போனது. அம்மா வழமைபோல யன்னல் சீலையை இழுத்து மூடினா. நான் முற்றத்துக்கு இறங்கிப் போய்க் கை காட்டினேன். "ஆருக்குப் பிள்ளை கை காட்டுறாய்?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டா. "ஆரோ கூப்பிட்டிருக்கினம், அம்மா. அவைக்குப் போகுது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், சீலை ஓரத்தில் ஒரு விரலளவுக்கு விலகியிருந்தது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்த மலைக்குப் போனாலும் அந்தப் பெட்டி என் தோளில் இருக்கும். இனியும் அந்தச் சத்தம் கேட்டால் என் முதுகு முதலில் உங்கள் சொல்லைத்தான் கேட்கும், அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் பக்கத்தில் ஒரு உயிர் கிடந்தால், உங்கள் கையை மெல்ல எடுத்து வைத்துவிட்டு எழும்பி நிற்பேன்.

நீங்கள் மேலே கவிழ்ந்து காத்ததால் எழும்பி நிற்க உயிரோடு இருக்கிற,
உங்கள் மூத்த பிள்ளை
வதனி