மலையடி வரைக்கும் காபட்

சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, வாசகர் வட்டத்தின் மேல்மாடியில் கூடிய உன் நினைவுக் கூட்ட ஏற்பாட்டுக் குழு, கல்முனையின் பொதுவாழ்வில் நீண்டகாலம் பேசப்படப்போகும் ஒரு முடிவை எடுத்தது. பதாகையில் உன் படம் ஹெல்மட் இல்லாமல் போடப்படும்.

முடிவு இலகுவில் வரவில்லை. செயலாளர் முதலில் ஹெல்மட்டின் பக்கமே நின்றார். பொருளாளர்தான் அவரை மடக்கினார்.

“ஹெல்மட்டோட போட்டா எக்சிடன்ட்ல மௌத்தான ஆள் மாதிரி இரிக்கும் சேர்.”

“அப்ப என்னத்தப் போடுற? இவர்ட படமெல்லாம் ஹெல்மட்டோடதானே கிடக்கு.”

“தொப்பியப் போடுங்க. ஃபோன்லயே போடலாம்.”

ஃபோனிலேயே போட்டார்கள். உன்னோடு சைக்கிள் ஓடிய ஆள் என்பதால் ஒப்புதலுக்கு என் கைக்கு வந்தது. படம் நான் எடுத்ததுதான். மலையடியில், மருத மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முழங்கால் வரை சிவந்த புழுதியோடு நீ நின்ற படம். முழங்கால் தெரிகிறது என்று கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார்கள். மரமும் மலையும் எழுத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றையும் எடுத்திருந்தார்கள். மிஞ்சியது உன் சிரிப்பும், அதன் மேல் சற்றுச் சரிந்த ஒரு தொப்பியும். எதைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று இனி எவருக்கும் தெரியாது. “நல்லா இரிக்கி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

உனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததும், தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். நீ ஒரு கிழமை நடந்தாய். பிரதான வீதியில் ஒவ்வொரு கடைவாசலிலும் “எங்க சேர் போறீங்க?” என்று கேட்டார்கள். எங்கும் போகவில்லை என்று சொல்ல உனக்கு நா வரவில்லை. காரணம் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாத காணி அலுவலகமொன்றில் ஆயுளைக் கழித்தவன் நீ. காரணமில்லாமல் நடக்கிற ஆளை உனக்கே பிடிக்கவில்லை.

பிறகுதான் பொத்துவிலுக்குப் போய், கடலில் சறுக்க வந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரனிடம் அந்தச் சைக்கிளை வாங்கினாய். அகன்ற டயர், கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். அதனோடு சேர்த்து அவன் தந்த கட்டைக் காற்சட்டைக்கும் நமது ஊருக்கும் உள்ள பிரச்சினையை நீ நிர்வாகத் திறமையோடு தீர்த்தாய். ஊருக்குள் காற்சட்டைக்கு மேல் சாரன். கடைசி வீடு தாண்டியதும் சாரன் பைக்குள். வயல் வட்டையில் களை பிடுங்கிக்கொண்டு நின்றவர்கள் தவறாமல் கூப்பிடுவார்கள்.

“சேர், சாரன் எங்கயோ விழுந்திட்டு. எடுத்து வெக்கவா?”

நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். அரச உத்தியோகம் தந்த பழக்கம்.

கடைசி வீட்டுக்கு அப்பால் தொடங்கும் அந்தக் கிறவல் மண் பாதை வாய்க்கால் கட்டோடு போய், ஆற்றோடு சேர்ந்து, மருத மர நிழலுக்குள் புகுந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். கடல் பின்னால் போய்விடும். நெல்லின் பச்சை முடிகிற இடத்தில் மலையின் நீலம் தொடங்கும். பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. குறுக்கே படுத்திருக்கும் எருமைகள் மட்டும்தான் போக்குவரத்து. டயருக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அதையும் உன் வாய் கெடுத்துவிடும்.

“என்னடா, நீ சைக்கிள உருட்டுறியா, சைக்கிள் ஒன்ன இழுத்துட்டுப் போகுதா?”

“கொஞ்சம் மூச்சு விடவிடு மச்சான்.”

“மூச்ச ஊட்டுக்குப் போய் விடு.”

நீ எனக்காகக் காத்திருந்ததெல்லாம் இதைச் சொல்வதற்காகத்தான். ஆனால் ஏற்றம் முடிந்து, ஆறு வளைந்து போவது கீழே தெரியும் இடத்தில் உனக்குப் பேச்சு நின்றுவிடும். பிறகு, முதன்முறை கண்டுபிடித்தது போல, ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாய்: “இஞ்ச ஒருத்தனும் ஹோன் அடிக்கமாட்டான்.” பதவி உயர்வு கிடைத்த அன்றும், மகளின் நிக்காஹ் அன்றும் நான் உன் பக்கத்தில் இருந்தவன். அந்த முகம் அங்கெல்லாம் வரவில்லை. சீனியும் இறங்கியது. இனிக் குளிசையைக் குறைக்கலாம், சைக்கிள் ஓடுவதை மட்டும் விடவேண்டாம் என்றார் டொக்டர்.

இவ்வளவு நல்ல மருந்தை வைத்துக்கொண்டு உன்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. முகநூலில் எழுதினாய். ‘வாகனமே வராத பாதை’ என்று தலைப்பிட்டுப் படங்களும் போட்டாய். அடுத்த வாரமே, வாகனம் வராத பாதையைப் பார்க்க நான்கைந்து வான்களில் குடும்பங்கள் வந்தன. அதற்கடுத்ததாகப் பிரதேச சபைத் தவிசாளர் வாசித்தார். ஒரு பாதைக்கு வாகனம் வராததை அவருக்குத் தெரிந்த உலகத்தில் எவரும் மகிழ்ச்சியோடு எழுதியதில்லை. அதைக் குறையாக எடுத்துக்கொண்டார். வாய்க்கால் மதகு வரைக்கும் தார் காபட் போடுவதாக அறிவித்து, அடிக்கல் நாட்டு விழாவுக்கு உன்னைக் கௌரவ அதிதியாக அழைத்தார்.

நீ கொதித்துப்போனாய். மேடையிலேயே மறுக்கப்போவதாகச் சொன்னாய். நாங்கள் ஓடும்போதே பேச்சைத் தயாரித்தாய். ஆற்றோரத்தில் எருமைகள் முன்னால் ஒத்திகை பார்த்தாய். நல்ல பேச்சு. “இந்தப் பாதையின் சிறப்பு இதில் ஒன்றும் வராததுதான். தயவுசெய்து இதை முன்னேற்றாதீர்கள்” என்று முடியும்.

“பேசி முடியுமட்டும் பொன்னாடை போத்த உட்டிராத” என்றேன்.

“ஒரு துணித்துண்டுக்கு வாய மூடுற ஆளா நான்?”

விழாவில் தவிசாளர் முதலில் பேசினார். சேரின் முறைப்பாட்டைக் கண்டு தன் கண் கலங்கியதாகச் சொன்னார். பிறகு, நான் பயந்தபடியே, நீ எழும்பமுன் பொன்னாடை வந்தது. சரிகைக் கரையோடு, மஞ்சள். ‘பாதை கண்ட பெருந்தகை’ என்று ஒலிபெருக்கி அறிவித்தது. நீ ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, சரிகையை ஒருதரம் தடவிப் பார்த்தாய். கை தோளிலிருந்து இறங்கவேயில்லை. நமது ஊரில் பொன்னாடை போர்த்தியவனை அதே மேடையில் மறுத்துப் பேசிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. நீயும் அவனாக இருக்க விரும்பவில்லை. நன்றி சொன்னாய். சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். கைதட்டல் போதவில்லை என்று நினைத்தாயோ என்னவோ, “மதகோட நிப்பாட்டாம மலையடி வரைக்கும் போட்டுத் தந்தா மக்கள் மறக்கமாட்டாங்க” என்றாய்.

தவிசாளர் அதே இடத்தில் ஒப்புக்கொண்டார்.

திரும்பி வரும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. “சபை மரியாதை எண்டு ஒண்டு இரிக்கித்தானே மச்சான்” என்றாய். பொன்னாடையைக் கழற்றவுமில்லை.

வாக்குக் காப்பாற்றப்பட்டது, அதுவே நமது ஊரில் அபூர்வம். காபட் காய்வதற்குள் ஆற்று மண் ஏற்றும் டிப்பர்கள் வந்தன. நீ ஓரத்தால் ஓடிப் பார்த்தாய். நானும் பின்னால் வந்தேன். ஒரு டிப்பர் உன்னை ஒட்டிக்கொண்டு ஹோன் அடித்தது. நீ சரிந்து, மதகுக் கட்டில் குதிகால் உரச விழுந்தாய். சாரதி தலையை நீட்டினான். மரியாதையான பிள்ளை.

“பெரியப்பா, பாத்துப் போங்க. இது ரோட்டு.”

அதன் பிறகு சைக்கிள் உன் வீட்டு விறாந்தையில் நின்றது. நான் வந்தபோது உன் மனைவி அதில் உடுப்புக் காயப்போட்டிருந்தார். “மழைக்கு இதுதான் நல்லம் காக்கா” என்றார் என்னிடம். நீ கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சீனி பழைய இடத்துக்கு ஏறியது. குதிகால் புண் வலிக்கவில்லை என்று நீ எவருக்கும் காட்டவில்லை. வலிக்காததுதான் வருத்தம் என்று டொக்டர் சொன்னபோது புண் உள்ளே போயிருந்தது. மலையடிக்கு அப்பால், அம்பாறைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று பின்னேரம், “அண்டைக்குப் பேச இரிந்தத ஒருக்காச் சொல்லிக் காட்டட்டா?” என்று கேட்டாய். மின்விசிறியைப் பார்த்தபடி முழுதும் சொன்னாய். ஒரு சொல் தவறவில்லை. குரல் கூட இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வயற்காரர் எழும்பி உட்கார்ந்து கேட்டார்.

“ஆருக்கு சேர் இந்தப் பேச்சு?”

“அது முடிஞ்ச கூட்டம் தம்பி” என்றாய். பிறகு என்னிடம்: “மலையடிக்குப் போட்டு முடிச்சிட்டானா?”

“ஓம்.”

“நல்லாப் போட்டிரிக்கானா?”

“நல்லாத்தான் போட்டிரிக்கான்.”

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்தப் பேச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. மனப்பாடம். தொழுகைக்கு நிற்கும்போதுகூட நடுவில் வந்துவிடுகிறது. உன் நினைவுக் கூட்டத்தில் அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது தவிசாளர், எனக்குத் தந்திருப்பது நன்றியுரை.

நீ மௌத்தான அன்று, நண்பகல் லுஹருக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் உன் ஜனாஸாவைத் தந்தார்கள். பழைய வழியால் சுற்றி வந்திருந்தால் மஃரிப் ஆகி இருட்டியிருக்கும். புதிய வீதியால் கொண்டுவந்தபடியால் அசரோடு அடக்கம் முடிந்தது.