முகம் வெள்ளை, கை கறுப்பு

14.5.2004, வெள்ளி
அரியலூர்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வரன் பார்ப்பதற்காக எடுத்த என் போட்டோவை அம்மா இன்று ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பால் மாதிரி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். மடியில் கோத்து வைத்திருந்த கைகளை மறந்துவிட்டார்கள். அவை என் கைகளாகவே, கறுப்பாகவே இருக்கின்றன.

அம்மா போட்டோவை உற்றுப் பார்த்தாள். "கையையும் வெள்ளையாக்கச் சொல்லி நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுவோம்டி."

"எதுக்கும்மா? ஆலத்தியூர் ரோட்டுல சிமெண்ட் லாரி பின்னாடி போய் நிக்கிறேன். செலவில்லாம முழுசா வெள்ளையாயிடுவேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மூஞ்சி பூரா பவுடர அப்பிட்டாங்க. கழுத்துல போட மறந்துட்டாங்க" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாப்ள வூட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்கடி."

நாளை ஸ்டூடியோவுக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையின் நிறத்துக்கு முகத்தை மாற்றித் தரச் சொல்லப்போகிறேன். அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.